மண்டை மார்க் டிரம்

எங்கள் ஊரில் யாரையாவது பார்த்தால் "சாப்பிட்டாச்சா" என்று முதலில் கேட்கமாட்டார்கள். "ஒங்க தெருவுல தண்ணி வந்துட்டா" என்றுதான் கேட்பார்கள். தொண்ணூறுகளின் நடுவில் கோவில்பட்டி நகராட்சிக் குழாயில் தண்ணீர் வருவதே ஒரு விசேஷம். எட்டு நாள் ஆகும், பத்து நாள் ஆகும், கோடையில் அதற்கும் மேலே போகும். கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்த கையோடு, குழாய் திறந்துவிடுகிறவரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்கள். வருகிற தண்ணீரைப் பிடித்து வைக்க வாசலுக்கு வாசல் நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்கள் நிற்கும். இடுப்புக்கு மேலே உயரம், இருநூறு லிட்டர் கொள்ளும். அந்த டிரம்களுக்கு நடுவில்தான் வருஷக் கணக்கில் நடமாடினேன். எதையும் துருவித் துருவிக் கேட்கிறவள் என்று பெயர் வாங்கிய நான், இவை எங்கிருந்து வருகின்றன என்று மட்டும் யாரையும் கேட்டதில்லை.

நான் நிருபரானது தற்செயலாகத்தான். அப்பா பேப்பர் ஏஜென்ட். எங்கள் பேப்பருக்கு ஊர்ச் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். இன்னொரு ஆள் கிடைக்கிற வரைக்கும் மகள் எழுதட்டுமே என்று அப்பா சொல்லி வைத்தார். ஆள் கிடைக்கவே இல்லை, நானே பதினைந்து வருஷத்துக்கு மேல் எழுதிவிட்டேன். செய்தியை வெள்ளைத் தாளில் எழுதி, கவரில் போட்டு, சாயங்கால பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தால் திருநெல்வேலியில் இறக்கி எடுத்துக்கொள்வார்கள். அவசரம் என்றால் எஸ்.டி.டி. பூத்தில் நின்று சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். பூத்தில் காத்திருக்கிறவர்கள் எல்லாருக்கும் மறுநாள் பேப்பர் வாங்காமலே செய்தி தெரிந்துவிடும்.

விபத்து, திருட்டு, பள்ளி ஆண்டு விழா என்று எழுதி எழுதி எனக்குச் சலித்துவிட்டது. வயிற்றுக்குள் போகிற சாமான் மேல் புத்தி திரும்பியது. ஒரு டீக்கடைத் தூளைக் கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீரில் தூவினேன். கொதிக்காமலே சாயம் இறங்கியது, அதை எழுதினேன். குச்சி ஐஸுக்கு எந்தத் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று போய்ப் பார்த்து எழுதினேன். இதற்காக வீடு வீடாகப் போவேன். கையில் நோட்டும் தோளில் பையுமாக ஒரு பொம்பளை தெருவுக்குள் வந்தால் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க வந்திருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். என்னைக் கண்டு கதவை அடைத்தவர்களும் உண்டு. பேப்பர்காரி என்று தெரிந்தபிறகு அதே கதவைத் திறந்து, பக்கத்து வீட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பார்கள்.

அக்காவை எட்டயபுரத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். கல்யாணமாகி மூன்று வருஷம். ஒரு வெள்ளிக்கிழமை போயிருந்தேன். பஸ் இறங்கி வெயிலில் நடந்து வந்த தாகத்தில் செம்புத் தண்ணீரை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினேன்.

"என்னக்கா, தண்ணியில ஒரு வாடை வருது?"

"டிரம்மு வாடைட்டி. எங்களுக்குப் பழகிட்டு. ஒனக்குத்தான் நாய் மூக்கு."

"மூணு வருசமாவா வாடை போகல?"

"நானும் புளி போட்டுத் தேச்சேன், சாம்பல் போட்டுத் தேச்சேன், வேப்பெலையப் போட்டு மூணு நாளு ஊற வச்சேன். வெயில் காலத்துல மட்டும் திரும்பி வருது. வெயிலடிச்சா எல்லாந்தான் நாறும்."

அக்கா மகள் என் மடியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வயது. பால்குடி மறந்ததிலிருந்து அவளுக்கு வயிறு சரியில்லை. தின்றதை வெளியே தள்ளுவாள், வாயெல்லாம் புண் வரும், ஆறும், மறுபடி வரும். டாக்டர் பூச்சிக்கு மருந்து கொடுத்தார், பிறகு சத்துக்கு டானிக் கொடுத்தார். அக்கா சாமிக்கு நேர்ந்துகொண்டாள். எடை மட்டும் ஏறவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு டிரம்மின் பக்கம் போனேன்.

வெள்ளிக்கிழமை என்பதால் அக்கா டிரம்மைக் கழுவி மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தாள். குடத்துக்கும் அண்டாவுக்கும் வைக்கிற பொட்டு டிரம்முக்கும் உண்டு. அவள் குங்குமம் வைத்த இடத்தில் பாதி கிழிந்த ஒரு லேபிள் இருந்தது. லேபிளில் ஒரு மண்டையோடு, அதன் கீழே குறுக்காக இரண்டு எலும்புகள். பொட்டு சரியாக மண்டையோட்டின் நெற்றியில் விழுந்திருந்தது. பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் சிரிப்பு நின்றது. அந்த டிரம்மைச் சீருக்கு வாங்கிக் கொடுத்தவள் நான்தான்.

எப்படி வாங்கினேன் என்பதும் நன்றாக நினைவிருந்தது. கோவில்பட்டியில் பழைய டிரம் விற்கிற கடை ஒன்றுக்குப் போய், "மண்டை மார்க் குடுங்க அண்ணாச்சி" என்று நானே கேட்டு வாங்கியிருந்தேன். ஊரில் அந்த டிரம்முக்குத்தான் மவுசு. மற்ற டிரம்களை விடக் கனம் கூட, வெயிலுக்கு வெடிக்காது, ஏறி நின்றாலும் நெளியாது. மாப்பிள்ளை வீட்டார் சீர் பேசும்போதே, "டிரம்மு மண்டை மார்க்கா இருக்கட்டும்" என்று சொல்கிற அளவுக்கு அதற்குப் பெயர் இருந்தது.

வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள், எங்களைக் கிறுக்கர்கள் என்பார்கள். அவர்கள் எங்கள் ஊரை யோசித்துப் பார்க்க வேண்டும். தீப்பெட்டி ஊர். பாதி வீடுகளில் பெட்டி ஒட்டுகிறார்கள், லேபிள் ஒட்டுகிறார்கள். பிள்ளைகள் எழுத்துக் கற்பதற்கு முன்னால் லேபிளைக் கற்றுக்கொள்ளும். வில்வண்டி போட்டது ஒரு கம்பெனி, பலாப்பழம் போட்டது ஒரு கம்பெனி, ரெட்டை மீன் போட்டது இன்னொன்று. லேபிளில் இருக்கிற படம் சரக்கு யாருடையது என்று சொல்லும். உள்ளே என்ன இருக்கிறது என்று அது ஒருநாளும் சொன்னதில்லை.

மறுநாளே அந்தக் கடைக்குப் போனேன். கடை அண்ணாச்சி நல்ல மனிதர். வெற்றிலை போட்டுக்கொண்டே பேசுவார், யாரையும் நிற்க வைத்துப் பேசமாட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"அண்ணாச்சி, இந்த மண்டையோட்டுப் படம் எதுக்குப் போட்டிருக்காவ?"

"கம்பெனி மார்க்கு."

"விஷம்னு அர்த்தம் அண்ணாச்சி. கரண்டு கம்பத்துல போட்டிருக்காம்லா, அதே படம்."

அவர் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "கம்பத்துல போட்டா கரண்டு. டிரம்முல போட்டா கம்பெனி. ஏம்மா, பலாப்பழ மார்க் பெட்டிக்குள்ள பலாச்சொளையா இருக்கு? தீக்குச்சிதான இருக்கு. இதுவும் அந்த மாதிரிதான்."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவருக்கும் சந்தோஷம், நல்ல பதில் சொல்லிவிட்டோம் என்று. ஏமாற்ற வேண்டும் என்கிற எண்ணம் அவரிடம் துளியும் இல்லை. அவர் வீட்டுப் பின்பக்கத்தில் நாலு மண்டை மார்க் டிரம் வரிசையாக நின்றதைப் பிறகு ஒருநாள் பார்த்தேன்.

சரக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். தூத்துக்குடி ரோட்டில் எப்போதும்வென்றான் என்ற ஊரைத் தாண்டி ஒரு யார்டு இருக்கிறது, லாரியில் வந்து இறங்குவதைக் கழுவித் தருகிறார்கள், அதற்கு முன்னால் எங்கே இருந்ததென்று தனக்குத் தெரியாது என்றார். ஒரு டிரம்முக்குக் கூடவா பூர்வீகம் பார்ப்பார்கள் என்று கேட்டார்.

யார்டைத் தேடிப் போனேன். கரிசல் காட்டுக்கு நடுவில் முள்வேலி போட்டு, உள்ளே மலை மலையாக டிரம்கள். நீலம், கறுப்பு, வெள்ளை. பத்துப் பதினைந்து பேர் போர்வெல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கழுவின தண்ணீர் ஓடின தடத்தில் கருவேலஞ்செடி கூடக் காய்ந்து நின்றது. கருவேலம் காய்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மேற்பார்வை பார்க்கிற ஆள் சாப்பிடப் போயிருந்தார். கழுவுகிற ஒரு அம்மாவின் கையில் தோல் உரிந்து வெள்ளை வெள்ளையாக இருந்தது. அவர் தாகத்துக்கு வேப்ப மரத்தடிக்குப் போனார். அங்கே ஒரு தூக்குச் சட்டியில் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் இருந்தது.

"ஏம்மா, இம்புட்டு டிரம்மு இருக்கு, ஒண்ணுல பிடிச்சு வச்சுக் குடிக்கலாம்லா?"

"இந்த டிரம்முலயா?" அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நமக்குத் தெரியும்லா."

"தெரிஞ்சதை வெளிய யாருக்கும் சொல்லலியா?"

"யாரு வந்து கேட்டா? நீங்கதான் மொத ஆளு." தூக்குச் சட்டியை மூடி வைத்துவிட்டு அவர் வேலைக்குப் போய்விட்டார்.

அக்கா வீட்டு டிரம்மின் உள்சுவரைக் கத்தியால் சுரண்டி, சுரண்டியதை ஒரு பாட்டிலில் ஊறப்போட்டு எடுத்துக்கொண்டு, ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லித் தருகிற அம்மாவிடம் போனேன். அவருக்கும் என்னைப் போலவே மூக்கு. மூடியைத் திறந்து ஒரு தடவை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சோதனைக் குழாயில் கொஞ்சம் ஊற்றி ஏதோ இரண்டு சொட்டு விட்டார். லேசாக ஊதா நிறம் ஏறியது. பக்கத்தில் வைத்திருந்த நல்ல தண்ணீரில் அதே சொட்டு விட்டார், ஊதா ஏறவில்லை. கிருமிநாசினி செய்கிறவர்களும் பசை ஆலைக்காரர்களும் வாங்குகிற ஒரு மூலச்சரக்கு என்றார். கையில் பட்டாலே கொப்பளிக்குமாம். பிளாஸ்டிக் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு, வெயில் ஏறும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் விடும். அக்கா சொன்ன வெயில் கால வாடைக்கு அப்போதுதான் அர்த்தம் புரிந்தது.

"எவ்வளவு இருக்குன்னு சொல்ற வசதி இங்க இல்ல. ஆனா குழந்தைக்குக் குடுக்கிற தண்ணியில அது இருக்கவே கூடாது. இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க" என்றார்.

அன்றைக்கே எட்டயபுரம் போய் அக்காவிடம் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்து எழுதினேன். யார்டு, காய்ந்த கருவேலம், தூக்குச் சட்டி, ஊதா நிறம் எல்லாம் எழுதினேன். ஸ்டுடியோக்காரர் ஒருவரை வைத்து அக்கா வீட்டு டிரம்மைப் படமும் எடுத்தேன், மண்டையோடு தெளிவாகத் தெரிய, பக்கத்தில் அவர்கள் வீட்டுச் செம்பு. கடைசியில் வாசகர்களுக்கு ஒரே வரியில் சொல்ல வேண்டும் என்று நெடுநேரம் யோசித்து ஒரு வரி எழுதினேன். "மண்டையோட்டு முத்திரை உள்ள டிரம்மில் குடிநீர் பிடிக்காதீர்கள்." ஆசிரியருக்கு அந்த வரி ரொம்பப் பிடித்துப்போய் அதையே கட்டம் கட்டிப் போட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்பா அந்தப் பேப்பரை மட்டும் இருபது பிரதி கூடப் போடச் சொன்னார், எல்லாம் விற்றுவிட்டது.

இனி வாசலில் நிற்கிற டிரம்கள் எல்லாம் தெருவுக்கு வந்துவிடும் என்று நினைத்தேன். ஒரு டிரம்கூட வரவில்லை. பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற ஊரில் டிரம்மைத் தூக்கி எறிந்துவிட்டு எதில் பிடிப்பார்கள்? அதற்குப் பதிலாக ஊரே லேபிளைக் கிழித்தது. அதில் எங்கள் ஊர்ப் பெண்களை மிஞ்ச ஆள் கிடையாது. கோணலாக ஒட்டின லேபிளைக் காகிதம் கிழியாமல் உரித்தெடுத்து மறுபடி ஒட்டுகிற கைகள் அவை. ஈரச் சாக்கைப் போர்த்தி ஊற வைத்து, வெந்நீர் ஊற்றி, பசை மிச்சம் இருந்தால் மண்ணெண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. கடைகளிலும் அதே வேலைதான். ஒரு வாரத்தில் கோவில்பட்டியில் தேடினாலும் ஒரு மண்டையோடு கிடைக்காது.

டிரம் அண்ணாச்சி என்னைக் கண்டதும் கும்பிட்டார். "நீங்க சொன்ன மாதிரி எல்லா மார்க்கையும் எடுத்தாச்சும்மா. இப்ப ஒரு டிரம்முலயும் கிடையாது, உள்ள வந்து பாருங்க" என்றார். செய்தியைப் பார்த்துச் சோதனைக்கு வந்த அதிகாரிகள் முத்திரை போட்ட டிரம் எதுவும் விற்பனையில் இல்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். அதையும் நான்தான் செய்தியாக அனுப்பினேன். ஆசிரியர் போனில் பாராட்டினார், நம் செய்திக்குக் கிடைத்த வெற்றி என்று.

அந்த அறிக்கைச் செய்தியை எழுதி முடித்துக் கவரை ஒட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரைக்கும் விஷம் இருந்த டிரம்முக்கு ஒரு அடையாளமாவது இருந்தது. படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும்படி யாரோ போட்டு அனுப்பிய அடையாளம். நாங்கள் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தோம், அவ்வளவுதான். சொல்லிப் புரிய வைத்திருந்தால் போதும். நான் எழுதினதில் அந்த அடையாளமே போய், எல்லா டிரம்மும் ஒன்றுபோல நின்றன. அண்ணாச்சியின் பலாப்பழப் பேச்சைக் கேட்டுச் சிரித்தவள், நானும் அதே ஊரில்தானே லேபிளைப் பார்த்து வளர்ந்தேன்? டிரம்முக்குள் முன்னால் என்ன இருந்தது என்று கேளுங்கள் என எழுதியிருக்க வேண்டியவள், மார்க்கைப் பாருங்கள் என்று எழுதினேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையை அதற்கு முன்னால் கேட்டிருக்கிறேன், நானே பிடித்தது அதுதான் முதல்முறை. கவரைக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு எட்டயபுரம் பஸ் ஏறினேன்.

அக்கா வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எட்டயபுரத்தில் ஒரு வீட்டில் என்றுதான் எழுதியிருந்தேன், ஆனால் படத்தில் இருந்த செம்பை வைத்தே தெரு கண்டுபிடித்துவிட்டது. அக்காவின் மாமியார் நேராக என்னிடம் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"ஊருல அவனவன் சீருக்கு நகை போடுதான், பாத்திரம் போடுதான். எங்க வீட்டுக்குத்தான் வெசத்தைப் போட்டு விட்டிருக்காவ. அதையும் பேப்பர்ல வேற போட்டுக்கிட்டாவ."

தப்பு என்னுடையதுதான் அத்தை என்றேன். மூலையில் வேறொரு நீல டிரம் நின்றது, லேபிள் இல்லாமல், பளபளவென்று. நான் வந்து சொல்லிவிட்டுப் போன மறு வாரமே அத்தான் பழைய டிரம்மை பஸ் மேலே ஏற்றிக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோய், வாங்கின கடையிலேயே கொடுத்து இதை மாற்றி வந்திருக்கிறார். நான் கத்தியை எடுத்து இந்த டிரம்மின் உள்பக்கத்தையும் சுரண்டினேன். கல்லூரி அம்மா மூன்று தடவை பார்த்தார், நிறம் மாறவில்லை. குழந்தைக்கு வாய்ப்புண் அதற்குப் பிறகு குறைந்தது, மழைக்காலத்துக்குள் எடையும் ஏறியது. டிரம்மை மாற்றியதாலா, டாக்டர் மாற்றிக் கொடுத்த மருந்தாலா என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அவள் ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டபோது ஆதாரத்தைப் பற்றி நான் யோசிக்கவும் இல்லை.

ஆனால் நிறம் மாறவில்லை என்று கல்லூரி அம்மா சொன்ன அன்றே, சந்தோஷம் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. அத்தான் திருப்பிக் கொடுத்த டிரம் எங்கே? அதை அண்ணாச்சி யாருக்கு விற்றார்? இப்போது அதில் யார் பிள்ளை குடிக்கிறது? எத்தனையோ டிரம்களில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. இந்த ஒன்றைப் பற்றி மட்டும் நிச்சயமாகத் தெரியும். தெரிந்துகொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

லேபிள் போனாலும் அந்த டிரம்மைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. சீர்ச் சாமான் எல்லாவற்றிலும் பெயர் வெட்டித்தான் அனுப்புவோம். பாத்திரக் கடைக்காரர் பிளாஸ்டிக்கில் வெட்ட முடியாது என்று சொல்லிவிட, அப்பாவுக்கு மனம் ஆறாமல் ஒரு கம்பியைப் பழுக்கக் காய்ச்சி டிரம்மின் அடிவிளிம்பில் எங்கள் வீட்டு இனிஷியலையும் அக்காவின் முதலெழுத்தையும் சுட்டிருந்தார்.

அண்ணாச்சியிடம் போய்க் கேட்டேன். முதலில் அவருக்கு நினைவில்லை. எட்டயபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்தது என்றதும் நினைவு வந்தது. "அது நல்ல கனமான டிரம்முல்லா. வந்த வேகத்துல போயிட்டு. பால்வாடிக்கு வேணும்னு தெருக்காரங்க சேந்து வந்து வாங்கிட்டுப் போனாவ. புள்ளைகளுக்குன்னு கேட்டதால நல்லதாப் பாத்துக் குடுத்தேன்" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு திருப்தி. எந்தப் பால்வாடி என்று கேட்டுக்கொண்டு சைக்கிளை மிதித்தேன்.

ஒற்றை அறைக் கட்டடம். முப்பது பிள்ளைகள் இருக்கும். டீச்சர் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார், ஆயா மட்டும் அடுப்படியில் இருந்தார். டிரம் வாசலுக்கு உள்ளே வெயில் படுகிற இடத்தில் நின்றது. நான் யாரிடமும் எதுவும் சொல்லாமல் குனிந்து விளிம்பைத் தடவினேன். அப்பா சுட்ட எழுத்து விரலில் தட்டுப்பட்டது. மூடியைத் திறந்தேன். அதே வாடை.

"யாரும்மா அது, டிரம்முல என்ன பாக்குதிய?" ஆயா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஆயா, இந்தத் தண்ணியப் புள்ளைகளுக்குக் குடுக்காதிய. இது மண்டை மார்க் டிரம்மு."

"இல்ல தாயி. நாங்க நல்லாப் பாத்துத்தான் வாங்குனோம். பேப்பர்ல போட்டிருந்தாம்லா, மண்டையோடு போட்டது வேண்டாம்னு? அதை டீச்சரு எல்லாத்துக்கும் படிச்சுக் காட்டுனாவ. அதனாலதான் பழைய சிமிண்டுத் தொட்டிய விட்டுட்டு, மார்க்கு இல்லாத டிரம்மாப் பாத்து இதை வாங்கிப் போட்டோம்."

அதற்குள் ஒரு பெண் குழந்தை டம்ளரை எடுத்துக்கொண்டு டிரம்மின் பக்கம் வந்துவிட்டது. எனக்கு விளக்கிச் சொல்லப் பொறுமை இல்லை, சொன்னால் நம்புவார்களா என்கிற நம்பிக்கையும் இல்லை. இரண்டு கையாலும் டிரம்மைப் பிடித்து, தோளைக் கொடுத்து, வாசல் பக்கமாகத் தள்ளிச் சாய்த்துவிட்டேன். அத்தனை தண்ணீரும் படியில் இறங்கித் தெருவுக்குப் போனது. பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு அதில் குதித்தார்கள். அவ்வளவு தண்ணீர் தரையில் ஓடி அவர்கள் பார்த்ததே கிடையாது. கரிசல் மண் அதை நின்று பார்க்கிற நேரத்துக்குள் குடித்துவிட்டது.

எங்கள் ஊரில் ஒருத்தி வாசலில் ஏறி நின்று கெட்ட வார்த்தையில் திட்டினால் மன்னித்துவிடுவார்கள். பிடித்து வைத்த தண்ணீரைக் கொட்டினால் மன்னிக்கமாட்டார்கள். ஆயா என்னை அடிக்கக் கை ஓங்கினார். அடிக்கவில்லை, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? தண்ணி வந்து ரெண்டு நாளுதான் ஆச்சு. இனி எப்ப வரும்னு தெய்வத்துக்குத்தான் தெரியும். இந்தப் புள்ளைகளுக்குக் குடிக்க என்னத்தக் குடுப்பேன்?"

நான் யார் என்று சொன்னேன். அந்தச் செய்தியை எழுதியது நான்தான், அதில் தப்பாக எழுதிவிட்டேன், மார்க்கைக் கிழித்துவிட்டால் டிரம் நல்லதாகிவிடாது, இது என் அக்காவின் சீர் டிரம் என்று விளிம்பில் இருந்த எழுத்தைக் காட்டினேன். அவர் எழுத்தைத் தடவிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இருங்க ஆயா, நான் தண்ணி கொண்டாரேன்" என்று வீட்டுக்குப் போனேன். எங்கள் வீட்டு டிரம்மில் இருந்து ஒரு குடம் நிறைய மொண்டு, கேரியரில் கட்டி, தளும்பாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தேன். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் டம்ளரோடு வாசலில் நின்றார்கள். குடத்தை அவிழ்த்து ஆயாவிடம் நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

"இது எந்தத் தண்ணி தாயி?"

"எங்க வீட்டு டிரம்முல பிடிச்சது."

"அந்த டிரம்மு எங்கன வாங்குனது?"

"அதே கடைதான்."

"அதுக்கு முன்ன அதுல என்ன கெடந்துச்சு?"

ஊரில் அந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் அவர்தான். நான் எழுதியிருக்க வேண்டிய வரியும் அதுதான். எங்கள் வீட்டு டிரம்மில் எந்தக் காலத்திலும் மண்டையோடு இருந்ததில்லை. அதனால் அதை மட்டும் நான் சுரண்டிப் பார்க்கவே இல்லை. அந்தத் தண்ணீரைத்தான் நானும் குடித்தேன், அப்பா அம்மாவுக்கும் கொடுத்தேன்.

"தெரியாது ஆயா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கோபம் எல்லாம் போயிருந்தது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்து, "இன்னைக்குப் பால்வாடி அவ்வளவுதான். அவுகவுக வீட்டுல போய்த் தண்ணி குடிங்க" என்றார். பிள்ளைகள் டம்ளரைப் போட்டுவிட்டு ஆளுக்கொரு சந்தில் ஓடினார்கள். நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர்கள் தங்கள் வீட்டில் எந்த டிரம்மில் மொண்டு குடிக்கப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கூப்பிட்டு நிறுத்தினால் வேறு எதைக் குடிக்கக் கொடுப்பது என்றும் தெரியாததால், நான் யாரையும் கூப்பிடவில்லை.